கேட்டவருக்கு மட்டும்

ஆவரேந்தல் கண்மாய் நிரம்பிக் கலுங்கில் தண்ணீர் வழிந்தபோது அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். இரண்டு ஜீப், மதுரையிலிருந்து ஒரு கல்லூரி பஸ், கேமராவோடு நாலைந்து பேர். ஊர்க்காரர்கள் மணி அடித்ததும் வந்தார்கள், தங்கள் பங்குத் தண்ணீரைக் குடித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு கலுங்கு வழிகிறது. ஒரு குலவை இல்லை, ஒரு வேட்டு இல்லை. கேமராக்காரர் ஒருவர் பூமயிலிடம், "கொஞ்சம் சந்தோஷமாச் சிரிங்கம்மா" என்று கேட்டார். பூமயில் சிரித்தாள். எப்படிச் சிரிப்பது என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அந்த ஊரின் நீர்ப்பாய்ச்சி அவள்தான். மடையைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து விடுவதும் நீர்ப்பாய்ச்சியின் வேலை. முன்பு அதை அவள் புருஷன் சாத்தையா பார்த்தான். ஊருக்குக் குடிதண்ணீர் அளந்து ஊற்றுவது மட்டும் இவள் பொறுப்பு. சாத்தையா இறந்தபிறகு இரண்டும் இவளிடம் வந்துவிட்டன.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. எண்ணூறு அடிக்குப் போர் போட்டும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஊர் கூடிப் பேசி, வயலில் இருந்த போர்களை எல்லாம் மூடிச் சிமெண்டு பூசியது. கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கியது. ஆற்றிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பதினோரு கிலோமீட்டருக்குத் தோண்டித் துப்புரவாக்க ஆரம்பித்தது. எல்லாம் சரி, நிலத்துக்குள் நீர் ஊறும்வரைக்கும் அறுபத்திரண்டு வீடும் எதைக் குடிப்பது என்ற இடத்தில்தான் பேச்சு முட்டி நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பாலைவனத்தில் ஒரு எலி இருக்கிறதாம், பிறந்ததிலிருந்து சாகும்வரை பெரிதாகத் தண்ணீரே தேடாதாம். அதைப் பார்த்து அவர்கள் ஒரு மருந்து செய்திருந்தார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயரும் எண்ணும் இருந்தன. ஊரார் வறட்டுச் சொட்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நாக்கில் ஒரே ஒரு சொட்டு. உடம்பு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தாகம் எடுக்காது, நாளைக்கு மூன்று டம்ளர் போதும். தாகம் இல்லாததால் குடிக்க மறந்துவிடக் கூடாது என்று வேளைக்கு ஒரு மணி அடிப்பார்கள். பழையபடி ஆக வேண்டும் என்றால் திருப்புச் சொட்டு என்று இன்னொன்று உண்டு. தண்ணீரில் விட்டுக் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும்.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆவரேந்தலில் எந்த முடிவும் மடையடியில் நிற்கும் காவல் தெய்வம் மடைக்கருப்பர் முன்னால்தான் எடுப்பது. ஒரு காரியம் பேச்சுக்கு வர வேண்டுமானால் ஒரு வீடாவது எழுந்து, "எங்க வீட்டுக்கு வேணும்" என்று சொல்ல வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் அது ஊர் முடிவு. கருப்பர் முன்னால் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அதுவரை சொல்லிப் பார்த்தவர்கள் இல்லை. அன்றைக்கு அறுபத்திரண்டு வீடும் வேண்டும் என்றது.

திருப்புச் சொட்டு யாருக்கு, எப்போது என்பதில்தான் இழுபறி. ஊர்த் தலைவரான அம்பலத்தின் வீட்டுக்கு மட்டும் அது ரகசியமாகப் போய்விடும் என்று வடக்குத்தெரு பயந்தது. வடக்குத்தெரு அந்தச் சொட்டு இருக்கும் பெட்டியை உடைத்துவிடும் என்று அம்பலம் வீடு பயந்தது. விடிய விடியப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கலுங்கு வழிந்தபிறகு, கருப்பர் முன்னால் நின்று, "எனக்குத் தாகமா இருக்கு" என்று தன் வாயால் கேட்டவருக்கு மட்டும் கொடுப்பது. பெட்டிச் சாவி பூமயிலிடம். எல்லாருக்கும் இது ரொம்ப நியாயமாகப் பட்டது. தாகமே எடுக்காதவன் எப்படி வந்து தாகம் என்று கேட்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு எல்லாரும் தாகத்தோடு இருந்தார்கள்.

கலுங்கு வழிந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. பெட்டி பூட்டியபடி இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஜெனோவா ஸ்கூட்டரில் வந்து பூமயில் வீட்டு வாசலில் இறங்கினாள். தூத்துக்குடிக்காரி. வெளியூர் என்பதால் அவளுக்குச் சொட்டு கிடையாது. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள். பூமயிலின் மகள் நாகஜோதிக்குப் பிறந்த ஐந்து மாதப் பெண் குழந்தையைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டாள். குழந்தை முழித்துக்கொண்டு தொங்கியது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் அவசரம் இல்லை. திருப்பூருக்குப் போன அதன் அப்பன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, ஏன் வரவில்லை என்று நாகஜோதி கேட்டதும் இல்லை.

"போன மாசம் நாலு கிலோ நானூறு. இப்ப நாலு முந்நூறு" என்றாள் ஜெனோவா. "ஏறணும்க்கா. இது எறங்குது."

"எறங்குதுதான்" என்றாள் பூமயில்.

"பால் குடுக்கியா இல்லியாம்மா நீ?"

"மணி அடிக்கும்போதெல்லாம் குடுக்குறேனே" என்றாள் நாகஜோதி. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடுக்கச் சொன்னீக. அம்மா அதுக்குத் தனியா மணி அடிக்கிறாக. வாயில வச்சா நாலு இழுப்பு இழுக்குது, அப்புறம் விட்டுருது. அழுக மாட்டேங்குது."

"அது அழாதும்மா. அதுக்கு வேணும்னே தோணலியே." ஜெனோவா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான் டாக்டர்ட்ட கேட்டுட்டேன். தாகத்துக்குன்னு மூளைல தனி வீடு கிடையாது. அதுவும் ஆசையும் ஒரே வளவுக்குள்ள குடியிருக்கு. நீங்க வளவுக் கதவைப் பூட்டிட்டீங்க. பெரியவங்க சமாளிச்சிருதீங்க, மணி அடிச்சா குடிக்கிறீங்க, பசிக்காட்டியும் திங்கிறீங்க. இது வயித்துக்குள்ள இருக்கும்போதே சொட்டோட பொறந்துட்டு. இதுக்கு என்ன தெரியும்?"

"இப்ப என்ன செய்யணும்?"

"இவ திருப்புச் சொட்டு குடிக்கணும். பால் வழியாப் பிள்ளைக்கும் திரும்பிரும். வேற வழி இல்ல. இப்படியே போச்சுன்னா ஒரு மாசம் தாங்காதுக்கா."

குழந்தை செத்துப்போகும் என்கிறாள். பூமயிலுக்கு நன்றாகப் புரிந்தது. அடிவயிறு பற்றி எரிய வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. வயிறு அது பாட்டுக்கு இருந்தது.

"கேட்டவுகளுக்குத்தானே குடுக்கணும், சிஸ்டர்."

"சரி, இவ கேக்கட்டும். கேளும்மா."

நாகஜோதி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள். "எனக்குத் தாகமா இல்லையே சிஸ்டர். கருப்பர் முன்னால போயி எப்படிப் பொய் சொல்லுறது?"

ஜெனோவாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துணியில் ஈரம் எவ்வளவு தூரத்துக்குப் பரவுகிறது என்று தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குத் தவிக்காது. அது உங்க தப்பு இல்ல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா தெரியுதுல்லா? தெரிஞ்சா போதும்க்கா. மனசு கெடந்து அடிச்சாத்தான் செய்யணும்னு யாரு சொன்னா?"

பூமயில் ஊரைக் கூட்டினாள். சனிக்கிழமை காலை மடையடியில் அறுபத்திரண்டு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். எதிரே கண்மாய் கரை தட்டிக் கிடந்தது. இத்தனை வருடம் காணாமல் போயிருந்த நாரைகள் எல்லாம் திரும்பி வந்து நாட்டுக்கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்தன. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் பூமயில் கேட்டாள், "யாருக்காச்சும் தாகமா இருக்கா?"

எல்லாரும் நேர்மையாகத் தங்களுக்குள் தேடிப் பார்த்தார்கள். அம்பலம் அடைக்கன்தான் முதலில் பேசினார். "எங்க வீட்டுல இல்ல தாயி. இருந்தாச் சொல்லிருவேன்."

"எங்க வீட்டுலயும் இல்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பிள்ளை உன் வீட்டுப் பிள்ளை" என்றார் அம்பலம். "'எங்க வீட்டுக்கு வேணும்'னு நீ ஒரு சொல்லு சொல்லு. பேசி முடிச்சிருவோம்."

அவர் சொன்னது முறையான பேச்சு. பூமயில் வாயைத் திறந்தாள். வேண்டும் என்கிற சொல் வாய்வரைக்கும் வந்தது. அது உண்மைதானா என்று உள்ளே பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. கருப்பர் முன்னால் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியாது.

"இல்ல மாமா" என்றாள்.

"அப்பச் சரி" என்று எழுந்தார் அம்பலம். எல்லாரும் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர் போவதைப் பூமயில் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய மகன் ராசுவும் இவள் புருஷன் சாத்தையாவும் ஒரே நாளில் போனவர்கள். இரண்டாம் வருடம், சித்திரை மாதம். இரண்டு பேரும் வரத்துக்காலின் தலைமாட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியான மணி அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. தாகம் எடுக்காததால் அவர்களும் வேலையை விட்டு வரவில்லை. ஊர் குடித்து முடித்தபோது பூமயிலின் குடத்தில் இரண்டு அளவு மிச்சம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். யார் யார் வரவில்லை என்றும் தெரிந்தது. குடத்தை மூடி, சாயங்காலத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள். பதறியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். பதற்றமும் அந்த வளவுக்குள்தான் குடியிருந்தது போல. நாலு மணிக்கு இரண்டு பேரையும் மண்வெட்டிக்குப் பக்கத்திலேயே கண்டெடுத்தார்கள். மிச்சத் தண்ணீரைப் பற்றி அவள் ஊரார் முன்னால் அப்படியே சொன்னாள். அம்பலம் கேட்டுவிட்டு, "அப்படியா" என்றார். அன்றைக்கு யாரும் அழவில்லை, யாரும் அவளைத் திட்டவும் இல்லை. பாடைக்குப் பின்னால் நடந்தவர்கள் மறுநாள் வரத்துக்காலில் எந்த இடத்திலிருந்து தோண்டுவது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூமயில் பெட்டிச் சாவியோடு மடைக்குப் போனாள். போக வேண்டும் என்று தோன்றிப் போனாள் என்று சொல்ல மாட்டேன். மகளை வற்புறுத்த முடியாது, மகளுக்குத் தெரியாமல் ஊற்றினால் அது களவு. மிச்சம் இருந்தது தன் நாக்கு ஒன்றுதான். அதற்குத் தாகம் வந்துவிட்டால் பிள்ளைக்காகப் பொய்யில்லாமல் கேட்கலாம். கணக்குப் போட்டால் விடை அப்படித்தான் வந்தது. கருப்பரைப் பார்த்து நின்று, "எனக்குத் தாகமா இருக்கு" என்றாள்.

பச்சைப் பொய். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத் திறந்து, டம்ளரில் ஒரு சொட்டு விட்டுக் குடித்தாள். கரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

முதலில் தொண்டையில் என்னவோ உறுத்தியது. முள்ளோ என்று செருமிப் பார்த்தாள். உதடு ஒட்டியது, நாக்கு தடித்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கால் படியில் இறங்கிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். மூக்கில் ஏறியது, இருமினாள், மறுபடியும் குடித்தாள். தண்ணீர் இனித்தது. இது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, தானாகவே வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு அளவு தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. தட்டுத்தடுமாறிக் கரையேறி மண்ணில் விழுந்தாள்.

மத்தியான மணிக்கு நேரமாகியும் மணி அடிக்கவில்லை. நிழலைப் பார்த்து நேரம் கண்டு ஒவ்வொருவராக டம்ளரோடு வந்தவர்கள், மடையடியில் மண்ணில் புரண்டு கிடந்தவளைச் சுற்றி நின்றார்கள். அவள் சாத்தையா பேரைச் சொல்லிச் சொல்லி மாரில் அறைந்துகொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. நாகஜோதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அம்மா, கண்ணுல இருந்து ரொம்பத் தண்ணி போகுது" என்றாள். தன் டம்ளரைத் தாயின் கன்னத்துக்குக் கீழே பிடித்தாள். "வீணாப் போகுதும்மா."

பூமயில் மகளைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது, கழுத்துத் தோல் மடிந்து தொங்கியது. ஐந்து மாதமாகத் தினமும் பார்த்த பிள்ளைதான். இன்றைக்குத்தான் அது அவள் கண்ணில் பட்டது. வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு எடையே இல்லை. "ஐயோ, என் தங்கமே, என் தங்கமே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. குழந்தை சும்மா பார்த்தது.

அம்பலம் குந்தி உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டார். நல்ல மனுஷன். அன்றைக்கும் அவர் நல்லதையே நினைத்தார்.

"ரொம்பக் கஷ்டப்படுறியே தாயி. வறட்டுச் சொட்டு ஒரு குப்பி கெடக்குல்ல பெட்டியில? ஒண்ணு போட்டுக்க. எல்லாம் சரியாப் போயிரும். வேணுமா?"

வேண்டும். உயிரோடு இருக்கிற அத்தனை நரம்பும் வேண்டும் என்றது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த ஊரில் ஒரு மனுஷிக்கு ஒன்று வேண்டியிருந்தது, அது மறுபடியும் மரத்துப்போவது. ஒரு சொட்டு போதும், சாத்தையா வெறும் பேராகிவிடுவான், குடத்தை மூடிய கை யாருடைய கையோ ஆகிவிடும். நெஞ்சில் கிடந்த குழந்தையின் சூடு இரவிக்கை வழியாகச் சுட்டது.

"வேணும் மாமா" என்றாள். முழங்காலை ஊன்றி எழுந்து கருப்பர் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்கு வேணும். வறட்டுச் சொட்டு இல்ல, மத்தது. எங்க வீட்டுக்கு வேணும், அறுபத்திரெண்டு வீட்டுக்கும் வேணும். காலையில நான் இங்க பொய் சொல்லித்தான் குடிச்சேன். இப்பச் சத்தியமாச் சொல்றேன், எனக்குத் தாகமா இருக்கு. இந்தப் பிள்ளைக்குத் தாகமா இருக்கு, அதுக்குத் தெரியல. உங்க எல்லாருக்கும் தாகமாத்தான் இருக்கு. கேக்குறதுக்கு ஆள் இல்லைன்னுதானே பெட்டி பூட்டிக் கெடக்கு? நான் கேக்குறேன்."

அம்பலம் தாடையைச் சொறிந்தார். முறைப்படிதான் இருந்தது. ஒரு வீடு எழுந்து வேண்டும் என்று சொல்லிவிட்டது.

"யாருக்காச்சும் மறுப்பு உண்டா?"

மறுப்பதற்கும் மனசு வேண்டும். வடக்குத்தெருப் பக்கமிருந்து ஒருவர், "நமக்கென்ன, குடுத்தாக் குடிப்போம்" என்றார்.

"அப்ப ஊர் முடிவு" என்றார் அம்பலம். "தாயி, ஊத்து."

வரிசை நின்றது. பூமயில் குடத்தில் தண்ணீர் நிரப்பி, திருப்புச் சொட்டுக் குப்பியைத் திறந்து அளவாக விட்டுக் கலக்கினாள். முதலில் நாகஜோதியைக் கூப்பிட்டு ஊற்றினாள். மகள் மடமடவென்று குடித்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு புளியமரத்து நிழலில் போய் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் அவளுக்கு அப்பா செத்துப்போனது தெரியும், புருஷன் வராதது தெரியும். பிள்ளையின் விலா எலும்பும் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே பயப்பட முடிந்தவள் பூமயில் ஒருத்திதான்.

அடுத்ததாக அம்பலம் நின்றார். துவைத்த வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய நரைத்தலை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ராசு அவருக்கு ஒரே பிள்ளை. குடத்தில் மிஞ்சிய இரண்டு அளவில் ஒன்று ராசுவுடையது. அதை மூடி வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரிந்துகொண்டே இவளைத் தாயி என்று கூப்பிடுகிறார். இதைக் குடித்தால் மறுபடியும் கூப்பிட மாட்டார். ஊற்றாமல் விடலாம். அவருக்கு மட்டும் வேறு குடத்திலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றினால் யார் கண்டது? என்ன ஊற்றினாய் என்று கேட்டால்தானே, அவர் கேட்கப் போவதும் இல்லை.

அவர் டம்ளரை நீட்டினார். பூமயில் அந்தக் குடத்தையே சாய்த்தாள்.

"என்ன தாயி, டம்ளருக்கு வெளிய ஊத்துற?"

"ஒண்ணுமில்ல மாமா. குடிங்க."

அவர் அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். நிழலில் இடம் இருந்தும் அங்கே போகவில்லை. ஊற்றுகிறவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.